பில்லு காப்பி ஆகுது, நம்பர் மெஷின் காப்பி ஆகுதா?

சிவகாசியில் அச்சடித்த பில் புக் ஒண்ணை எடுத்துப் பாருங்க. ஒரிஜினலில் 0451 என்று இருந்தால் டூப்ளிகேட்டிலும் அதே 0451 இருக்கும். அந்த எண்ணைப் போட்டது அச்சகத்தில் இருக்கிற நம்பரிங் மெஷின். ஒவ்வொரு அடிக்கும் அதோட சக்கரம் ஒரு எண் நகரும். பில் புக்கை நீங்க எத்தனை ஜெராக்ஸ் எடுத்தாலும் தாளில் இருக்கிற எண் வந்துடும். ஆனா மெஷினோட சக்கரம் இப்போ எந்த எண்ணில் நிக்குதுங்கிற தகவல் எந்த ஜெராக்ஸிலும் வராது.

டேட்டாபேஸ் ரெப்ளிகேஷனிலும் இதே கதைதான். டேபிளில் இருக்கிற வரிசைகள் எல்லாம் இன்னொரு சர்வருக்கு ஒழுங்கா காப்பி ஆகும். அந்த வரிசைகளுக்கு எண் கொடுத்த சீக்வென்ஸ் பல நேரம் காப்பி ஆகாது. முதல் சர்வர் உயிரோட இருக்கிற வரைக்கும் இது யாருக்கும் தெரியாது. அது படுத்து, இரண்டாவது சர்வரில் பில் போட ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். அதுவும் தெரிஞ்சா நல்லது, தெரியாமலே ஓடினா இன்னும் மோசம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். எண் கொடுக்கிற வேலையை நாம ஒரு வரி எஸ்கியூஎல் என்று நினைத்துக் கடந்து போகிறோம். அது டிசைனில் முதலில் முடிவு பண்ண வேண்டிய விஷயம். நடுவில் ஒரு எண் விட்டுப்போனா விளக்கம் சொல்லிச் சமாளிக்கலாம். ஒருத்தருக்குக் கொடுத்த எண்ணை இன்னொருத்தருக்கும் கொடுத்துட்டா சமாளிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

உள்ளே என்ன நடக்குது?

நம்ம லேபில் அதிகம் புழங்குற போஸ்ட்கிரெஸையே எடுத்துக்குவோம். அதில் ரெப்ளிகேஷன் இரண்டு வகை.

முதல் வகை, ஃபிசிக்கல். டிஸ்கில் என்ன மாற்றம் நடந்தாலும் அது முதலில் ஒரு லாகில் எழுதப்படும். அந்த லாகை அப்படியே இன்னொரு சர்வருக்கு அனுப்புவது இந்த வகை. இதில் சீக்வென்ஸும் சேர்ந்தே போகும். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் லாக் எழுதினால் வேகம் குறையும் என்பதால் போஸ்ட்கிரெஸ் 32 எண்கள் முன்கூட்டியே போய் எழுதி வைக்கும். அதனால் நகல் சர்வர் பொறுப்பு எடுக்கும்போது நடுவில் சில எண்கள் விட்டுப்போகலாம்.

இரண்டாவது வகை, லாஜிக்கல். 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இது போஸ்ட்கிரெஸோடயே வருது. 'இந்த டேபிளில் இந்த வரிசை சேர்ந்தது, இது மாறியது' என்று மாற்றங்களை மட்டும் அனுப்பும். பதிப்பு வேறாக இருந்தாலும் வேலை செய்யும். அதனாலதான் பழைய பதிப்பிலிருந்து புதுசுக்கு அதிக நேரம் நிறுத்தாம மாறணும்னா எல்லோரும் இதைத்தான் தேடிப் போறாங்க. ஆனா சீக்வென்ஸ் தகவல் இதில் போகாது. 18-ஆம் பதிப்பின் ஆவணத்திலேயே இதை வெளிப்படையா எழுதி வைத்திருக்காங்க. நகல் சர்வரைப் படிக்க மட்டும் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை, அதற்கே மாறப் போறீங்கன்னா சீக்வென்ஸை நீங்கதான் சரிபண்ணணும் என்பது அதோட சாரம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிவகாசியில் ஒரு பட்டாசு மொத்த வியாபாரம் என்று வைத்துக்கோங்க. தீபாவளிக்கு முந்தின மாசம், பில் எண் 48,210-ல் ஓடிக்கிட்டு இருக்கு. மதுரையில் ஒரு லாஜிக்கல் நகல். சிவகாசி சர்வர் படுக்குது, மதுரைக்கு மாத்துறாங்க. அடுத்த பில்லுக்கு மதுரை சீக்வென்ஸ் என்ன எண் கொடுக்கும்? 1. ஏன்னா அந்தச் சக்கரம் ஒரு தடவை கூட சுத்தலை.

இதுக்கப்புறம் மூணு விதமா நடக்கலாம்.

ஒண்ணு, அந்த எண் பிரைமரி கீயாக இருந்தால் எர்ரர் வரும். பில் போட முடியாது, கவுண்டரில் கூட்டம் நிக்கும். பார்க்கக் கொடுமையா இருந்தாலும் இருக்கிறதிலேயே நல்ல நிலை இதுதான். தப்பு உடனே தெரிஞ்சுடுது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிரான்சாக்‌ஷன் தோத்தாலும் சீக்வென்ஸ் பின்னாடி போகாது, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒண்ணு கூடும். நகல் சர்வரின் சீக்வென்ஸ் நிஜத்துக்குப் பத்துப் பதினைந்து எண்தான் பின்தங்கியிருக்குன்னா, பில் போடுறவர் திரும்பத் திரும்ப பட்டனை அமுக்கினாலே ஒரு கட்டத்தில் 'சரியாயிடும்'. அப்புறம் யாரும் காரணத்தைத் தேட மாட்டாங்க.

இரண்டு, எர்ரரே வராது. பில் எண் வருஷா வருஷம் ஏப்ரல் 1-ல் மறுபடி 1-லிருந்து தொடங்கும் என்பதற்காக அந்தக் காலத்துக்கு யூனிக் கட்டுப்பாடே போடாமல் விட்டிருப்பாங்க. அப்போ 1, 2, 3 என்று பழைய எண்களே புது ஆட்களுக்குப் போய்க்கிட்டு இருக்கும்.

மூணாவதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டியது. விவரம் தெரிஞ்ச ஒருத்தர் உட்கார்ந்து, மதுரையில் இருக்கிற கடைசி எண்ணைப் பார்த்து, அதுக்கு அடுத்த எண்ணுக்கு சீக்வென்ஸை நகர்த்துறார். எல்லாம் சரியா ஓடுது. ஆனா ரெப்ளிகேஷன் சில விநாடி பின்தங்கி இருந்திருக்கு. சிவகாசியில் 48,210 வரை பில் அடிச்சாச்சு, மதுரைக்கு வந்து சேர்ந்தது 48,200 வரைதான். இடையில் இருக்கிற பத்து பில்லும் அச்சாகி, கையெழுத்தாகி, சரக்கோட லாரியில் போயிடுச்சு. மதுரையோ 48,201-ஐ வேற ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுக்குது. இரண்டு சர்வரிலும் எர்ரர் இல்லை. காகிதத்தில் மட்டும் ஒரே எண்ணில் இரண்டு பில். ஃபிசிக்கல் ரெப்ளிகேஷன் வைத்திருந்தாலும், அது பின்தங்கி இருந்தால் இந்த மூணாவது ஆபத்து உண்டு.

நடந்த கதைகள்

இதெல்லாம் சின்னக் கடைகளுக்கு வர்ற பிரச்சினைன்னு நினைக்காதீங்க. 2012 செப்டம்பரில் கிட்ஹப்புக்கே வந்தது. மைஎஸ்கியூஎல் சர்வர் மாற்றத்தில் கோளாறு ஏற்பட்டு, பின்தங்கிய டேட்டாவோட இருந்த சர்வர் புது வரிசைகளை வாங்க ஆரம்பிச்சது. ஏற்கெனவே கொடுத்த எண்கள் மறுபடி வெளியே வந்தன. அதே எண்களை வைத்து ரெடிஸில் வேற தகவல்கள் இருந்தன. இரண்டும் குழம்பி, 16 பிரைவேட் ரெப்போக்கள் ஏழு நிமிடத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள் பார்க்கும்படி ஆயின. கிட்ஹப்பே இதை எழுதி வெளியிட்டது. அங்கே தொலைந்தது எண் இல்லை, எண் மேல் கட்டியிருந்த அனுமதி.

மைஎஸ்கியூஎல்லின் இன்னொரு பழைய வழக்கமும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. இன்னோடிபியில் ஆட்டோ இன்க்ரிமென்ட் எண் மெமரியில் மட்டும்தான் இருந்தது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால் டேபிளில் இருக்கிற பெரிய எண்ணைப் பார்த்து அதிலிருந்து எண்ணும். கடைசி வரிசையை அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணினா அழிச்ச எண்ணே திரும்ப வரும். 2003-ல் புகாரான இந்தக் குறை 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. பதினைந்து வருஷம்!

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். 2025 மார்ச்சில், வேற வேற மாநிலங்களில் சில வாக்காளர்களுக்கு ஒரே வாக்காளர் அட்டை எண் இருப்பது பெரிய செய்தியானது. தேர்தல் ஆணையம் கொடுத்த விளக்கத்தை ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவராப் படிச்சுப் பாருங்க. எல்லா மாநிலப் பட்டியலும் இரோநெட் என்ற ஒரே தளத்துக்கு வருவதற்கு முன்னால் எண் கொடுப்பது மாநிலம் மாநிலமாகக் கைமுறையில் நடந்தது, சில மாநிலங்கள் ஒரே எழுத்து-எண் வரிசையைப் பயன்படுத்திவிட்டன என்றது ஆணையம். ஆட்கள் வேறு, தொகுதி வேறு, வாக்குச்சாவடி வேறு, எண் மட்டும் ஒன்று. அரசியலை ஒதுக்கி வச்சுட்டுப் பார்த்தா இது நம்ம பாடம்தான். பல இடத்தில் எண் கொடுக்கலாம், ஆனா எந்த வரிசை யாருக்குச் சொந்தம் என்று முதலிலேயே பிரிச்சுக் கொடுக்கணும்.

அப்படிப் பிரிச்சுக் கொடுத்து ஓடுற உதாரணமும் நம்ம பாக்கெட்லயே இருக்கு. ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். பத்து இலக்கம். ரிசர்வேஷன் சிஸ்டம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்களாக வளர்ந்தது. பி.என்.ஆரின் முதல் இலக்கங்களே அது எந்த மையத்துடையது என்று சொல்லும். சென்னை மையத்தின் எண்கள் பெரும்பாலும் 4-ல் தொடங்கும். சென்னையும் டெல்லியும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 'நீ கடைசியா என்ன எண் கொடுத்தே?' என்று கேட்டுக்கொள்ள வேண்டியதே இல்லை.

யோசிச்சா இதுவும் பில் புக் தந்திரம்தான். முதல் புத்தகம் 1 முதல் 100, அடுத்தது 101 முதல் 200. ஒண்ணு கவுண்டர்காரர் கையில், இன்னொண்ணு லைன் பார்க்கப் போறவர் கையில். இரண்டு பேரும் ஃபோன் பேசாமலே எண் மோதாது.

ஜிஎஸ்டி என்ன சொல்லுது?

நம்ம மாவட்டத்தில் படிச்சு முடிச்சு வெளியே போறவங்களில் கொஞ்சப் பேராவது விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு பில்லிங் சாஃப்ட்வேரில் கை வைப்பீங்க. அதனால் சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

மத்திய ஜிஎஸ்டி விதி 46 பில் எண்ணைப் பத்தி நாலு விஷயம் சொல்லுது. தொடர் எண்ணாக இருக்கணும். 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த நிதியாண்டுக்குள் மறுபடி வரக் கூடாது. நாலாவதுதான் நமக்கு முக்கியம்: ஒரே வரிசையாகவும் இருக்கலாம், பல வரிசைகளாகவும் இருக்கலாம். சிவகாசி சர்வருக்கு 'எஸ்' வரிசை, மதுரை சர்வருக்கு 'எம்' வரிசை என்று வைக்க விதியே இடம் கொடுக்குது. பி.என்.ஆர். தந்திரம் இங்கேயும் செல்லும்.

எண் விட்டுப்போனால்? ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் 13-ஆவது அட்டவணையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, மொத்தம் எத்தனை, அதில் ரத்தானது எத்தனை என்று சொல்ல இடம் இருக்கு. ரத்தான பில்லுக்குக் கணக்கு காட்ட வழி உண்டு. ஒரே எண்ணில் இரண்டு பில்லுக்கு அங்கே கட்டமே இல்லை.

2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் இன்னொரு நிறுவனத்துக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாகப் பதியணும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இந்த நாலையும் சேர்த்து ஹாஷ் பண்ணி 64 எழுத்தில் ஒரு ஐஆர்என் உருவாகும். பில் எண் திரும்ப வந்தால் ஹாஷும் அதேதான் வரும், போர்ட்டல் ஏத்துக்காது. அதாவது உங்க டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு போட மறந்தாலும் அங்கே ஒண்ணு இருக்கு. ஆனா அது பிடிக்கிற நேரத்தில் லாரியில் லோடு ஏறியிருக்கும். 5 கோடிக்குக் கீழே இருக்கிற சின்ன வியாபாரிக்கு இந்தக் காவலும் கிடையாது. மாசக் கணக்கு போடுறப்போ ஆடிட்டர் ஃபோன் பண்ணுவார்.

அப்போ என்ன பண்ணலாம்?

முதல் வேலை, உள் எண்ணையும் வெளி எண்ணையும் பிரிங்க. டேபிள்களை இணைக்கிற உள் எண்ணில் இடைவெளி விழுந்தா ஒண்ணும் ஆகாது. அங்கே சீக்வென்ஸ் வைக்கலாம், யூயூஐடியும் வைக்கலாம். 2024-ல் வந்த ஆர்எஃப்சி 9562 வரையறுத்த ஏழாம் வகை யூயூஐடி நேர வரிசைப்படி அமையும், போஸ்ட்கிரெஸ் 18-ல் அதை உருவாக்குற ஃபங்க்‌ஷன் உள்ளேயே இருக்கு. எந்த சர்வரில் உருவானாலும் மோதும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. ஆனா அதை பில் எண்ணாக வைக்க முடியாது. யூயூஐடி எழுதினா 36 எழுத்து, விதி அனுமதிப்பது 16. வாடிக்கையாளர் ஃபோனில் வாசிச்சுக் காட்டவும் முடியாது.

இரண்டாவது, பில் எண்ணுக்கு சீக்வென்ஸை நம்பாதீங்க. ஒரு சின்ன டேபிள் போடுங்க: வரிசைப் பெயர், நிதியாண்டு, கடைசி எண். பில் சேர்க்கிற அதே டிரான்சாக்‌ஷனில் அந்தக் கடைசி எண்ணை ஒண்ணு கூட்டி எடுத்துக்கோங்க. பில் தோத்தா எண்ணும் பின்வாங்கும், இடைவெளி விழாது. அது சாதாரண டேபிள் என்பதால் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் மத்த டேபிளோட சேர்ந்து போகும். நம்பரிங் மெஷினின் சக்கரத்தையே ஒரு தாளில் எழுதி வச்ச மாதிரி. குறை என்னன்னா, எல்லா கவுண்டரும் அந்த ஒரு வரிசையின் லாக்குக்காகக் காத்திருக்கணும். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் வர்ற இடத்துக்கு இது ஆகாது. பத்துப் பதினைந்து கவுண்டர் உள்ள கடைக்குத் தாராளமாகப் போதும்.

மூணாவது, திடீர்னு மாற வேண்டி வந்தால் பழைய வரிசையைத் தொடராதீங்க. ஏன்னா டேபிள் போனாலும் அந்தப் பத்து பில் பின்னடைவு போகாது. நகல் சர்வர் பொறுப்பு எடுத்ததும் அதுக்குன்னு ஒதுக்கிய புது வரிசையில் தொடங்கட்டும். உள் எண்ணுக்கு சீக்வென்ஸ் வைத்திருந்தால் இருக்கிற பெரிய எண்ணிலிருந்து பத்தாயிரம் தள்ளி வைங்க. பத்தாயிரம் எண் வீணாகுதேன்னு வருத்தப்படாதீங்க, பிகின்ட் வகையில் எண்ணுக்குப் பஞ்சமே கிடையாது.

நாலாவது, திட்டமிட்டு மாறும்போது வரிசை முக்கியம். முதலில் பழைய சர்வரில் எழுதுவதை நிறுத்துங்க. நகல் முழுசா வந்து சேரும் வரை காத்திருங்க. அப்புறம் சீக்வென்ஸ்களைச் சரிபண்ணுங்க. கடைசியாகப் புது சர்வரைத் திறங்க. முந்தின நாள் ராத்திரியே சீக்வென்ஸை காப்பி பண்ணி வச்சுட்டேன்னு யாராவது சொன்னா, அந்த எண் காலையிலேயே பழசாயிடுச்சுன்னு அர்த்தம்.

இரண்டு சர்வரிலும் ஒரே நேரத்தில் எழுதுறீங்கன்னா ஒற்றைப்படை, இரட்டைப்படை முறை இருக்கு. மைஎஸ்கியூஎல்லில் எத்தனை எத்தனையாகத் தாண்டணும், எங்கே தொடங்கணும்னு இரண்டு அமைப்பு இதுக்காகவே உண்டு. ஆனா இரண்டு இரண்டாகத் தாண்ட வைத்தால் மூணாவது சர்வர் வரும்போது தலைவலி. பத்துப் பத்தாகத் தாண்ட வச்சுட்டா பின்னாடி இடம் இருக்கும்.

'அதெல்லாம் கிளவுட் பாத்துக்கும்'

இப்படிச் சொல்ற நண்பர்கள் நிறைய. கிளவுட் நிறுவனம் சர்வரை உயிரோட வச்சுக்கும், நகல் எடுக்கும், மாத்தியும் கொடுக்கும். ஆனா உங்க கடையில் பில் எண் ஏப்ரலில் மறுபடி தொடங்குதா, எந்தக் கிளைக்கு எந்த எழுத்து, எந்த எண் காகிதத்தில் வெளியே போயிடுச்சு என்பதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்? அது வியாபாரத்தின் அறிவு. அந்த வியாபாரத்தோட உட்கார்ந்து பேசி சாஃப்ட்வேர் எழுதினவங்களுக்குத்தான் தெரியும்.

'போஸ்ட்கிரெஸ் அடுத்த பதிப்பில் இதைச் சரிபண்ணிடுவாங்க' என்பது இன்னொரு பதில். சீக்வென்ஸை ஒத்திசைக்கிற வசதிக்கான வேலை நடக்குது, வரவேற்போம். ஆனா கட்டளை கொடுத்த நேரத்து எண்ணைத்தான் அது கொண்டு வரும். அதுக்கப்புறம் ஓடின எண்கள் உங்க பொறுப்பு.

நம்ம டிபிஎம்எஸ் லேபில் சீக்வென்ஸ் என்பது உருவாக்கு, அடுத்த எண்ணை எடு, ரெக்கார்டில் எழுது என்பதோட முடிஞ்சுடுது. ரெப்ளிகேஷன் தியரியில் இரண்டு மார்க் கேள்வி. இந்த இரண்டும் ஒரே நாளில் சந்திக்கவே இல்லை. சந்திக்க வைக்க ஒரு மதியம் போதும். ஒரே லேப்டாப்பில் 5432, 5433 என்று இரண்டு போர்ட்டில் போஸ்ட்கிரெஸ் ஓட்டுங்க. முதலாவதில் வால் லெவலை லாஜிக்கல் என்று மாத்தி, ஒரு பப்ளிகேஷன் போடுங்க. இரண்டாவதில் அதே டேபிளை உருவாக்கி சப்ஸ்கிரிப்ஷன் போடுங்க. முதலாவதில் நூறு பில் சேருங்க, நூறும் அந்தப் பக்கம் வந்திருக்கும். இப்போ முதலாவதை நிறுத்திட்டு இரண்டாவதில் ஒரு பில் போட்டுப் பாருங்க. திரையில் வர்ற சிவப்பு வரியை ஒரு தடவை பார்த்தவங்க மறக்க மாட்டாங்க.

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூவில் 'ஃப்ரண்ட் எண்ட் என்ன, பேக் எண்ட் என்ன' என்று கேட்கிற இடத்தில் இன்னொரு கேள்வியும் வரணும்: இந்த எண்ணை யார் கொடுக்கிறாங்க, அவர் இல்லாதப்போ யார் கொடுப்பாங்க? காரியாபட்டியில் உட்கார்ந்து இதுக்குப் பதில் யோசிச்சு வச்சா, சீசன் நேரத்தில் சிவகாசியில் ஒரு கவுண்டராவது நிக்காம ஓடும்.